மோதிரப் பெட்டியில் ஒரு கேமரா

1833 ஜூலை 5. பிரான்ஸில் ஒரு சின்ன கிராமத்தில் 68 வயது மனிதர் ஒருவர் பக்கவாதத்தில் இறந்து போகிறார். ஒரு காலத்தில் நல்ல வசதியான குடும்பம். ஆனா இப்போ கையில காசு இல்ல, சொத்து எல்லாம் கடனில். அடக்கம் செய்யும் செலவைக்கூட ஊர் நிர்வாகம்தான் பார்த்துக்கொண்டது.

இந்த மனிதர் பெட்ரோல் இன்ஜின் வருவதற்கு பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு இன்ஜின் செய்து, அதற்கு நெப்போலியன் கையெழுத்தில் காப்புரிமை வாங்கியவர். அதைவிட முக்கியமாக, கேமராவுக்குள் விழுந்த ஒரு காட்சியை அழியாமல் பிடித்து வைத்த முதல் ஆள். இன்னைக்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய கேமரா படம் இவர் எடுத்ததுதான். பெயர் நிசெஃபோர் நியெப்ஸ். நாம படிக்கிற எந்த பிராஞ்சாக இருந்தாலும் இவருக்கு அதில் ஒரு பங்கு இருக்கு. மெக்கானிக்கலுக்கு இன்ஜின், ஆட்டோமொபைலுக்கு சைக்கிள், ஈசிஇ ஆட்களுக்கு பிசிபி. எப்படின்னு சொல்றேன்.

அண்ணனும் தம்பியும்

1765 மார்ச் 7-ல் சலோன்-சுர்-சோன் என்ற ஊரில் பிறந்தார். சோன் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். அப்பா வழக்கறிஞர். வீட்டில் வைத்த பெயர் ஜோசப். ஆன்ஜே நகரில் பாதிரிமார் நடத்திய கல்லூரியில் படிக்கும்போது நிசெஃபோர் என்று தானே ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. ராணுவத்தில் சேர்ந்து சார்டினியா, இத்தாலி என்று போனார். டைஃபாய்டு வந்து உடம்பு கெட்டு, ராணுவத்தை விட்டு வெளியே வர வேண்டியதாயிற்று. நீஸ் நகரில் ஆக்னஸ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். மகன் பெயர் இசிடோர். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் வருவார்.

1801-ல் சொந்த ஊருக்குத் திரும்பினார். கூடவே இரண்டு வயது மூத்த அண்ணன் க்ளோத். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், எதையாவது செய்து பார்க்கணும். குடும்பத்துக்கு சலோனுக்குப் பக்கத்தில் சான்-லூ-த-வரென் என்ற கிராமத்தில் ஒரு பண்ணை வீடு இருந்தது. அதுதான் இவர்களுடைய லேப்.

முதலில் கையில் எடுத்தது இன்ஜின். அப்போது உலகத்தில் இருந்தது நீராவி இன்ஜின் மட்டும்தான். கொதிகலனை வெளியே சூடாக்கி, நீராவியை உள்ளே அனுப்பி ஓட்ட வேண்டும். அந்த நெருப்பையே உள்ளே வைத்தால் என்ன என்று இவர்கள் யோசித்தார்கள். ஒரு மூடிய அறைக்குள் லைகோபோடியம் தூளைக் காற்றோடு ஊதி, பற்ற வைத்து வெடிக்கச் செய்தார்கள். லைகோபோடியம் என்பது ஒரு வகைப் பாசி போன்ற செடியின் வித்துத்தூள். மாவைவிட நுண்ணியது, காற்றில் தூவி நெருப்பு காட்டினால் குப்பென்று எரியும். வெடிப்பின் அழுத்தம் தண்ணீரைப் படகின் பின்பக்கமாகத் தள்ளும், படகு முன்னால் போகும். நிமிடத்துக்கு 12 வெடிப்பு. இதை ஒரு படகில் பொருத்தி சோன் ஆற்றில் நீரோட்டத்தை எதிர்த்து ஓட்டிக் காட்டினார்கள். இதற்குப் பெயர் பிரியோலோஃபோர்.

1807 ஜூலை 20-ல் பத்து வருடத்துக்கு காப்புரிமை கிடைத்தது. ஓட்டோ நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினைச் செய்தது 1876-ல். அதற்கு 69 வருடம் முன்னாடி!

ஒரு பிரச்சனை. அந்தத் தூள் விலை அதிகம். அதனால் நிலக்கரித் தூளையும் பிசினையும் கலந்து பார்த்தார்கள். பிறகு பெட்ரோலிய எண்ணெயை உள்ளே தெளித்து எரிக்கும் அளவுக்குப் போனார்கள். இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனின் முன்னோடி அது. ஆனால் வாங்கத்தான் ஆள் வரவில்லை. பத்து வருடம் முடியப்போகும் நேரத்தில், இன்ஜினை விற்க அண்ணன் க்ளோத் முதலில் பாரிஸுக்கும் பிறகு இங்கிலாந்துக்கும் கிளம்பிப் போனார். தம்பி கிராமத்தில் தனியாக இருந்தார். இரண்டு பேரும் கடிதம் மூலமாகத்தான் எல்லாம் பேசிக்கொண்டார்கள். நமக்கு இன்னைக்கு இந்தக் கதை இவ்வளவு விவரமாகத் தெரிவதற்குக் காரணம் அந்தக் கடிதங்கள்தான்.

இடையில் 1818-ல், ஜெர்மனியில் டிரைஸ் என்பவர் செய்த பெடல் இல்லாத சைக்கிளைப் போல ஒன்றைத் தானும் செய்து, உயரம் கூட்டிக் குறைக்கும்படி சீட் வைத்து, கிராமத்துத் தெருவில் ஓட்டினார். ஊர்க்காரங்க என்ன நினைச்சிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

உடைந்த லென்ஸ்

அந்தக் காலத்தில் பிரான்ஸில் லித்தோகிராஃபி என்ற கல் அச்சு பிரபலமாகிக்கொண்டிருந்தது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து அச்சடிக்கும் முறை. நியெப்ஸுக்கும் ஆசை வந்தது. ஆனால் அதற்கேற்ற கல் பக்கத்தில் எளிதில் கிடைக்கவில்லை, அவருக்குப் படம் வரையவும் பெரிதாக வராது. கல் கிடைக்கலன்னா உலோகத் தகடு இருக்கு, வரையத் தெரியலன்னா வெளிச்சமே வரையட்டும். இப்படித்தான் போனது அவருடைய யோசனை.

கேமரா என்ற கருவி அப்போதே இருந்தது. கேமரா அப்ஸ்கியூரா என்பார்கள். இருட்டுப் பெட்டி, முன்னால் லென்ஸ், பின்னால் தலைகீழாக விழும் காட்சி. ஓவியர்கள் அந்தக் காட்சி மேல் தாளை வைத்து வரைந்துகொள்வார்கள். பெட்டியை நகர்த்தினால் படம் போய்விடும்.

1816. நியெப்ஸுக்கு 51 வயது. ஒரு பெட்டி செய்து லென்ஸ் வாங்கி வேலை ஆரம்பித்த நேரத்தில் லென்ஸ் உடைந்து விட்டது. கிராமத்தில் உடனே இன்னொன்று எங்கே வாங்குவது? வீட்டைத் துழாவினார். தாத்தா வைத்திருந்த பழைய சூரிய ஒளி மைக்ராஸ்கோப் ஒன்று கிடந்தது. அதன் சின்ன லென்ஸ்களில் ஒன்றைக் கழற்றினார். லென்ஸ் சிறிது, குவியத் தூரமும் குறைவு. அதனால் பெட்டியும் சின்னதாக இருக்க வேண்டும். மகன் இசிடோரின் மோதிரப் பெட்டியை எடுத்தார். நான்கு சென்டிமீட்டர் சதுரம்கூடத் தேறாத பெட்டி. அதில் லென்ஸைப் பொருத்தியதும் கேமரா தயார். செலவு பூஜ்ஜியம்.

வெள்ளிக் குளோரைடு தடவிய தாளை உள்ளே வைத்து, வேலை செய்யும் அறை ஜன்னலில் இருந்து எதிரே இருந்த பறவைக் கூண்டை நோக்கித் திருப்பினார். தாளில் கூண்டு தெரிந்தது. ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் வந்தது. நாம நெகட்டிவ் என்று சொல்வதுதான். இரண்டாவது இன்னும் மோசம். வெளியே எடுத்தால் மிச்ச இடமும் வெளிச்சம் பட்டுக் கறுத்து, கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரே கறுப்பு. நைட்ரிக் அமிலத்தில் போட்டுப் பார்த்தார், கொஞ்ச நாள்தான் தாங்கியது. இங்கிலாந்தில் வெட்ஜ்வுட், டேவி இருவரும் 1802-ல் மாட்டிக்கொண்ட அதே இடம்.

படம் பிடிப்பது கஷ்டமில்லை, நிறுத்தி வைப்பதுதான் கஷ்டம் என்று அவருக்குப் புரிந்தது. வெள்ளியை ஓரமாக வைத்துவிட்டு வேறு பொருள் தேட ஆரம்பித்தார். அந்தத் தேடலுக்கு வருடக்கணக்கில் ஆனது.

தார் செய்த வேலை

கடைசியில் கிடைத்தது தார். யூதேயா நிலக்கீல் என்று பெயர். சாக்கடல் பகுதியில் கிடைக்கும் இயற்கையான கறுப்புத் தார். செப்புத் தகட்டில் படம் அரிக்கும் கைவினைஞர்கள் இதைத்தான் வெகுகாலமாகப் பயன்படுத்தினார்கள். தகடு முழுக்கத் தார்ப் பூச்சு, ஊசியால் கீறி வரைவார்கள், அமிலத்தில் முக்குவார்கள். கீறிய இடத்தில் மட்டும் அமிலம் உலோகத்தைத் தின்னும். மற்ற இடத்தைத் தார் காப்பாற்றும். பிறகு தாரைத் துடைத்துவிட்டு மை பூசி அச்சடிக்கலாம்.

நியெப்ஸ் இதில் ஒரு புதுக் குணத்தைப் பிடித்தார். வெளிச்சம் பட்ட தார் இறுகிவிடுகிறது, பிறகு எண்ணெயில் கரைவதில்லை. படாத தார் சுலபமாகக் கரைகிறது. அப்படியானால் ஊசியே வேண்டாம், வெளிச்சமே கீறிக் கொடுக்கும்!

அவர் செய்த முறை இதுதான். தாரைத் தூளாக்கி லாவெண்டர் எண்ணெயில் கரைப்பார். மெருகேற்றிய தகட்டில் மென்மையான தோல் பொட்டலத்தால் மெல்லிய படலமாகத் தடவி, லேசான சூட்டில் காய வைப்பார். அச்சடித்த ஒரு படத்தாளை வார்னிஷ் பூசி ஒளி ஊடுருவும்படி ஆக்கி, அதைத் தகடு மேல் வைத்து வெயிலில் வைப்பார். கோடு இருக்கும் இடத்தில் வெளிச்சம் போகாது. மற்ற இடத்தில் தார் இறுகும். பிறகு ஒரு பங்கு லாவெண்டர் எண்ணெயில் பத்துப் பங்கு வெள்ளை பெட்ரோலிய எண்ணெய் கலந்து கழுவுவார். கோடுகள் இருந்த இடத்தில் தார் கரைந்து உலோகம் வெளியே தெரியும். அதன் பிறகு அமிலம்.

இப்போ பிசிபி லேபை நினைச்சுப் பாருங்க. செம்புப் போர்டு, ஒளிக்கு இறுகும் பிலிம், சர்க்யூட் ஷீட், யுவி லைட், சோடியம் கார்பனேட் கழுவல், ஃபெரிக் குளோரைடு. வரிசை அப்படியே அதுதான். தாருக்குப் பதிலாக வேறு ரசாயனம், அவ்ளோதான். சிலிக்கான் சிப்பில் பேட்டர்ன் எழுதுவதும் இதே தத்துவம். போட்டோரெசிஸ்ட் என்று நாம பரீட்சையில் எழுதுவதன் தாத்தா இந்தத் தார்தான்.

1822-ல் போப் ஏழாம் பயஸின் அச்சுப்படம் ஒன்றை இந்த முறையில் கண்ணாடியில் பிரதி எடுத்தார். அது பிறகு கீழே விழுந்து உடைந்துவிட்டது. 1825-ல் குதிரையை நடத்திக்கொண்டு போகும் ஒரு ஆளின் பழைய படத்தைத் தகட்டில் அரித்து, மை பூசித் தாளில் அச்சடித்தார். அந்தத் தாள் இப்போதும் இருக்கு. 2002-ல் பிரான்ஸ் தேசிய நூலகம் அதைச் சுமார் 4.5 லட்சம் யூரோ கொடுத்து வாங்கியது. 1826-ல் கார்டினல் தாம்பாய்ஸ் என்பவரின் படத்தைத் தகட்டில் எடுத்து, பாரிஸில் இருந்த செதுக்குக் கலைஞர் லெமேத்ரிடம் கொடுத்து அச்சடிக்கச் செய்தார்.

இந்தத் தகடுகளுக்கு அவர் பயன்படுத்தியது பியூட்டர். பெரும்பங்கு வெள்ளீயம், கூடக் கொஞ்சம் மற்ற உலோகங்கள். நம்ம பாட்டிகள் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு இருக்கே, அதுவும் வெள்ளீயம்தான். கல்லைவிட மலிவு, செம்பைவிட மென்மை. வெள்ளை நிறம் என்பதால் படமும் தெளிவாகத் தெரியும்.

ஜன்னல் வழியே

தாளை மேலே வைத்து வெயிலில் காட்டுவது ஒரு வேலை. கேமராவுக்குள் தகட்டை வைப்பது வேறு வேலை. லென்ஸ் வழியே வரும் வெளிச்சம் ரொம்பக் குறைவு. தாருக்கோ வெளிச்சத்தை உணரும் தன்மை ரொம்பக் குறைவு. பாரிஸில் செவாலியே என்ற லென்ஸ் கடைக்காரர்களிடம் நல்ல கருவிகள் வாங்கினார். (ஆமா, நம்ம சிவாஜிக்குக் கிடைத்த பட்டத்தின் அதே பெயர்தான்.)

1827 வாக்கில் பண்ணை வீட்டின் மாடி ஜன்னலில் கேமராவை வைத்தார். உள்ளே 16.2-க்கு 20.2 சென்டிமீட்டர் பியூட்டர் தகடு. எவ்வளவு நேரம் வைத்தார் என்பதற்கு எட்டு மணி நேரம் என்று ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார்கள். பிறகு அதே முறையைச் செய்து பார்த்தவர்கள் சில நாட்களே ஆகியிருக்கும் என்கிறார்கள். எப்படியும் ஒரு முழுப் பகலுக்குக் குறையாது. படத்தைப் பார்த்தாலே அது தெரியும். இடது பக்கச் சுவரிலும் வெயில், வலது பக்கச் சுவரிலும் வெயில். சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போன முழுப் பயணமும் ஒரே படத்தில்.

கழுவி எடுத்தபோது இறுகிய தார் வெளிறிய நிறத்தில் நின்றது, அதுதான் வெளிச்சம். வெறும் உலோகம் இருண்ட பகுதியாகத் தெரிந்தது. கூரை, மரம், புறாக்கூண்டு. தகட்டைச் சரியான கோணத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். ஆனா அழியவில்லை. 1816-ல் நின்றுபோன இடத்தை 11 வருடம் கழித்துத் தாண்டிவிட்டார்.

லண்டனில் மூடிய கதவு

அதே 1827-ல் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து இங்கிலாந்து கிளம்பினார். லண்டன் பக்கத்தில் க்யூ என்ற ஊர். போய்ப் பார்த்தால் க்ளோத்துக்கு மனநிலையே பாதிக்கப்பட்டிருந்தது. இத்தனை வருடம் கடிதத்தில் சொல்லிக்கொண்டிருந்த வெற்றி எதுவும் உண்மையில்லை. குடும்பச் சொத்து பெரும்பாலும் கரைந்து போயிருந்தது. தம்பி கிராமத்தில் மோதிரப் பெட்டியில் கேமரா செய்து சிக்கனம் பிடித்தபோது, அண்ணன் கையில் மொத்தமும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அடுத்த வருடம் தொடக்கத்தில் க்ளோத் இறந்துவிட்டார்.

அந்த நிலையிலும் நியெப்ஸ் தன் தகடுகளைக் கூடவே எடுத்துப் போயிருந்தார். க்யூவில் தாவரங்களை வரையும் புகழ்பெற்ற ஓவியர் பிரான்சிஸ் பாவர் அறிமுகமானார். பாவர் பார்த்தவுடனே இதன் மதிப்பைப் புரிந்துகொண்டு, ராயல் சொசைட்டிக்குச் சொல்லச் சொன்னார். நியெப்ஸ் ஒரு குறிப்பு எழுதினார். ஆனால் செய்முறையை முழுசாகச் சொல்லவில்லை. சொன்னால் திருடிவிடுவார்கள் என்ற பயம். ஏற்கெனவே கடன், கையில் இருக்கும் ஒரே சொத்து இந்த ரகசியம்தான். ராயல் சொசைட்டியின் வழக்கமோ, ரகசியமாக வைத்திருக்கும் முறையை ஏற்பதில்லை. கதவு மூடிவிட்டது.

ஊருக்குத் திரும்பும் முன் சில தகடுகளையும் அந்தக் குறிப்பையும் பாவரிடமே கொடுத்துவிட்டு வந்தார். அதில் ஜன்னல் படமும் ஒன்று. பாவர் அதன் பின்பக்கம் இது யார் செய்தது, என்ன என்று எழுதி வைத்தார். சாதாரணமாகத் தெரியும் இந்த வேலைதான் பிறகு பெரிய உதவியாக முடிந்தது.

கூட்டாளி

செவாலியே கடை மூலமாகத்தான் லூயி டாகேர் நியெப்ஸைப் பற்றித் தெரிந்துகொண்டார். பாரிஸில் டயோராமா என்ற பிரம்மாண்டமான ஒளிக் காட்சியை நடத்தியவர். நியெப்ஸைவிட 22 வயது சின்னவர். பேச்சும் விளம்பரமும் நன்றாக வரும். முதலில் கடிதம் வந்தபோது நியெப்ஸ் சந்தேகப்பட்டார். ஆனால் கடன் கழுத்தை நெரித்தது. 1829 டிசம்பர் 14-ல் இருவரும் பத்து வருடக் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தன் முறை முழுவதையும் நியெப்ஸ் டாகேருக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்த நேரத்தில் நியெப்ஸ் வெள்ளி பூசிய செப்புத் தகட்டுக்கு மாறியிருந்தார். படத்தின் இருண்ட பகுதி போதுமான அளவு கறுப்பாக இல்லை என்பதால், வெறும் வெள்ளி தெரியும் இடத்தை அயோடின் ஆவியில் காட்டிக் கறுப்பாக்கினார். அவருக்கு அயோடின் ஒரு சாயம் போலத்தான். பிறகு டாகேர் கண்டுபிடித்தது, அயோடின் பட்ட வெள்ளியே வெளிச்சத்தை உணரும் என்பதை! அதோடு பாதரச ஆவியைச் சேர்த்து, மணிக்கணக்கில் ஆன வேலையைச் சில நிமிடங்களுக்குக் கொண்டு வந்தார். ஆனால் அதைப் பார்க்க நியெப்ஸ் உயிரோடு இல்லை.

1839 ஜனவரி 7-ல் பாரிஸ் அறிவியல் அகாதமியில் அறிவித்தார்கள். பெயர் டாகேரோடைப். நியெப்ஸ் பெயர் அதில் இல்லை. அரசாங்கம் கொடுத்த ஓய்வூதியம் டாகேருக்கு வருடத்துக்கு 6000 பிராங்க், இசிடோருக்கு 4000. உலகமே டாகேரைக் கொண்டாடியது.

டாகேரைத் திருடன் என்று சொல்லிவிட முடியாது. பாதரச ஆவி அவர் சொந்த உழைப்பு, அது இல்லாமல் போட்டோ ஸ்டூடியோ என்ற ஒன்று அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. ஆனா ஒப்பந்தத்தில் முதல் பெயராக இருந்தவர் அறிவிப்பில் ஓரத்துக்குப் போனது நியாயமில்லை. 1841-ல் இசிடோர் அப்பாவுக்காக ஒரு சிறு நூல் எழுதினார். ஒரு காலத்தில் மோதிரப் பெட்டியைக் கொடுத்த அதே மகன். பெரிதாக யாரும் காது கொடுக்கவில்லை.

பின்பக்கத்தில் இருந்த எழுத்து

தார் முறை மட்டும் சும்மா கிடக்கவில்லை. 1853-ல் உறவினரான நியெப்ஸ் த சான்-விக்தோர், அதே லெமேத்ருடன் சேர்ந்து எஃகுத் தகட்டில் போட்டோ அரிக்க அதையே எடுத்தார். அங்கிருந்து புத்தகத்தில் படம் அச்சடிக்கும் தொழில் வளர்ந்தது. அதிலிருந்து பிசிபி, சிப்.

ஜன்னல் படம் கைமாறிக் கைமாறி ஒரு கட்டத்தில் காணாமலே போனது. 1952-ல் ஹெல்முட் கெர்ன்ஷைம் என்ற வரலாற்று ஆய்வாளர் தேடிக் கண்டுபிடித்தார். லண்டனில் பொருள் பாதுகாக்கும் கிடங்கில், ஒரு டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. நேராகப் பார்த்தால் வெறும் தகடு, கண்ணாடி என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருக்கலாம். பின்னால் பாவர் எழுதி வைத்தது இருந்ததால்தான் எது என்று உறுதியானது. 1963-ல் அது ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனது. இப்போதும் அங்கேதான் இருக்கு. மீதிக் கருவிகள் பல சலோனில் அவர் பெயரில் உள்ள மியூசியத்தில் இருக்கின்றன.

இந்த ஆளிடம் எனக்குப் பிடித்தது ஒன்று இருக்கு. சோதனை தோற்றதோ ஜெயித்ததோ, உட்கார்ந்து அண்ணனுக்கு எழுதினார். எந்த லென்ஸ், எந்த அமிலம், எவ்வளவு நேரம், எதில் கெட்டது என்று எல்லாம். உலகத்திடம் சொல்லப் பயந்தவர் அண்ணனிடம் மறைக்கவில்லை. அண்ணன் அவரைக் கைவிட்டார், கூட்டாளியின் பெயர் முன்னே போனது. ஆனால் அந்தக் கடிதங்களும், ஒரு நண்பர் தகட்டின் பின்னால் எழுதிய சில வரிகளும் அவருடைய இடத்தை மீட்டுக் கொடுத்தன.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் நடக்கிற மக்களே, உங்க போர்டு வேலை செஞ்சாலும் சரி, புகை வந்தாலும் சரி, ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி தேதி போட்டு எழுதி வைங்க. டீம்ல யார் என்ன செஞ்சாங்கன்னும் எழுதுங்க. பேப்பர் தீர்ந்தா போர்டு பின்பக்கமாவது எழுதுங்க.